பிரையன் தாம்சன் கொலையும் அதற்குக் கிடைத்த கைதட்டலும்

பழைய_மாம்பலம்:

போன வாரம் எங்கள் கல்லூரி வாட்ஸாப் குழுவில் ஒரு சண்டை. குழுவில் பாதிப் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஒருவர் லூயிஜி மான்ஜியோனியின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டுப் புனிதர் மாதிரி வரைந்த படத்தை அனுப்பினார். நாலு பேர் இதயம் போட்டார்கள். இன்னொருவர் "கொலைகாரனுக்கு ஆரத்தியா?" என்று கேட்டுவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டார். அங்கே தீராததை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்கு: 2024 டிசம்பர் 4, காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு, மன்ஹாட்டனில் ஹில்டன் மிட்டவுன் ஓட்டலுக்கு வெளியே, யுனைட்டெட்ஹெல்த்கேர் என்ற பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பிரையன் தாம்சன் (வயது 50) பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். முதலீட்டாளர் கூட்டத்துக்காக நடந்து போய்க்கொண்டிருந்தார். தோட்டா உறைகளில் டிலே, டினை, டிபோஸ் (தாமதப்படுத்து, மறு, பதவியிலிருந்து இறக்கு) என்று எழுதியிருந்தது. டிசம்பர் 9 அன்று பென்சில்வேனியாவின் அல்டூனாவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் மான்ஜியோனி பிடிபட்டார். வயது 26. வசதியான மேரிலாந்துக் குடும்பம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் எங்கள் வாடிக்கையாளரே இல்லை என்றது தாய் நிறுவனமான யுனைட்டெட்ஹெல்த்.

நிறுவனம் ஃபேஸ்புக்கில் இரங்கல் குறிப்புப் போட்டது. அதன் கீழே பல்லாயிரக்கணக்கில் சிரிப்புக்குறிகள் விழுந்தன. ஆள் பிடிபடும் முன்பே வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவில், சுட்டவன் மாதிரி உடையணிந்து வருபவர்களுக்குப் போட்டி நடந்தது. அதே மாதம் எமர்சன் கல்லூரி எடுத்த கருத்துக்கணிப்பில் 68 சதவீதம் பேர் இந்தக் கொலையை ஏற்க முடியாது என்றார்கள். ஆனால் 18 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 41 சதவீதம் பேர் ஏற்கலாம் என்கிறார்கள், 40 சதவீதம் பேர் முடியாது என்கிறார்கள்.

இது இணையத்தில் உட்கார்ந்து பேசும் கொழுப்பா, இல்லை உள்ளே வேறு ஏதாவது புகைகிறதா? அமெரிக்காவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஊமைக்குசும்பன்:

இழையைத் தொடங்கியாச்சு. நெறியாளருக்கு இன்றோடு தூக்கம் போச்சு.

எடிசன்வாசி:

நியூஜெர்சியில் இருக்கிறேன், ஐ.டி. வேலை, எச்1பி. நான் சிரிப்புக்குறி போடவில்லை. போட்டவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை.

என் மனைவிக்கு முடக்குவாதம். மருத்துவர் ஒரு ஊசி எழுதினார். காப்பீட்டு நிறுவனம் (பெயர் வேண்டாம்) முன் அனுமதி கேட்டது. அதற்கான காகிதம் போனது. "முதலில் இந்த இரண்டு மலிவான மருந்தையும் சாப்பிட்டுப் பார்க்கட்டும், கேட்கவில்லை என்றால் வாருங்கள்" என்று பதில் வந்தது. இங்கே இதற்கு ஸ்டெப் தெரபி என்று பெயர். அதில் ஒரு மருந்தை அவள் ஏற்கெனவே சாப்பிட்டு ஈரல் பரிசோதனையில் சிக்கலாகி நிறுத்தியவள். அந்த விவரம் பழைய நிறுவனத்தின் பதிவில் இருந்தது. நான் வேலை மாறியபோது காப்பீடும் மாறியதால் புதியவர்களுக்கு அது "தெரியவில்லை". அவர்கள் காகிதம் தேடிய காலம் முழுக்க அவளால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

ஃபோன் போட்டால் மன்னிப்பு கேட்பார்கள். மன்னிப்பு கேட்கும் பெண்ணுக்கு எதையும் மாற்ற அதிகாரம் இல்லை. மாற்ற அதிகாரம் உள்ளவரின் எண் யாரிடமும் இல்லை. அந்தக் கையாலாகாத்தனத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்புக்குறி எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

நம்மவர்களுக்கு இன்னொரு கட்டு கூடுதல். காப்பீடு வேலையோடு, வேலை விசாவோடு. காப்பீடு பிடிக்கவில்லை என்று எங்கே போவது?

கறார்_வக்கீல்:

பேச்சு சூடாகும் முன் சட்ட நிலவரம். மான்ஜியோனி குற்றத்தை மறுத்திருக்கிறார். ஆகவே "சுட்டவன்" என்று அவரைத் தீர்மானமாக எழுதாதீர்கள். நியூயார்க் மாநிலம் தொடுத்த வழக்கில் பயங்கரவாதம் சார்ந்த கொலைக் குற்றச்சாட்டுகளை நீதிபதி கிரெகரி காரோ 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தார். மக்களை மிரட்டவோ அரசின் கொள்கையை மாற்றவோ செய்தார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர் முடிவு. இரண்டாம் நிலைக் கொலைக் குற்றச்சாட்டு அப்படியே நின்றது. மத்திய அரசின் வழக்கு தனி.

எடிசன்வாசி சார், உங்கள் வலி புரிகிறது. ஆனால் கைதட்டல் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் பூத் தூவினார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். நானும் அன்று மாலை அலுவலகத்தில் லட்டு நீட்டப்பட்டதைப் பார்த்தேன். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் என்ன சொன்னது? போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, இறந்தவர்களில் மூவர் சிறுவர்கள் என்றது. அதற்குள் பூ வாடிவிட்டது.

சிவப்புத்_துண்டு:

வக்கீல் தோழர், அது அரசு செய்த கொலை. அதிகாரம் உள்ளவன் இல்லாதவனைச் சுட்டது. இதையும் அதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஏங்கெல்ஸ் 1845லேயே இதற்குச் 'சமூகக் கொலை' என்று பெயர் வைத்துவிட்டார். சாவார்கள் என்று தெரிந்தே ஒரு ஏற்பாட்டைத் தொடர்ந்து நடத்தினால் அதுவும் கொலைதான், கொலையாளி கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம் என்றார்.

அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு 2024 அக்டோபரில் ஓர் அறிக்கை கொடுத்தது. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் (முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் நடத்துவது) இருக்கும் முதியவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மறுவாழ்வு மையம், செவிலியர் இல்லம் என்று கேட்கும் கோரிக்கைகளை யுனைட்டெட்ஹெல்த்கேர் நிராகரித்த விகிதம் 2020ல் 10.9 சதவீதம், 2022ல் 22.7 சதவீதம். இரண்டே வருடத்தில் இரட்டிப்பு. கிழவர்களுக்கு இரண்டு வருடத்தில் நோய் பாதியாகிவிட்டதா?

சிக்னா என்ற இன்னொரு காப்பீட்டு நிறுவனத்தில் இன்னும் வேடிக்கை. புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தித் தளம் 2023ல் வெளியிட்டது: 2022ல் இரண்டு மாதங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை நிறுவனத்து மருத்துவர்கள் நிராகரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் செலவிட்ட நேரம் சராசரியாக 1.2 விநாடி. கோப்பைத் திறக்கவே அது போதாது. இதைச் செய்பவன் கோட்டு சூட்டில் இருந்தால் வன்முறை இல்லையா?

ஊமைக்குசும்பன்:

1.2 விநாடியில் எனக்குத் தும்மல்கூட முழுசாக வராது.

டாக்டர்_தென்றல்:

ஒஹாயோவில் மயக்கவியல் மருத்துவர். காப்பீட்டு நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. வாரத்தில் பாதி நேரம் அவர்களோடுதான் மல்லுக்கட்டு. ஆனால் இந்த இழையில் எங்கள் தரப்பு மட்டும் தப்பித்துவிடுகிறது.

அமெரிக்கா 2023ல் மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 டிரில்லியன் டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். இதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்கும் மருத்துவர்களுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் போகிறது. யுனைட்டெட்ஹெல்த் குழுமத்தின் 2023 வருவாய் 371.6 பில்லியன், லாபம் சுமார் 22 பில்லியன், அதாவது நூற்றுக்கு ஆறு. அந்த ஆறையும் வழித்துக் கொடுத்தாலும் உங்கள் பில் பெரிதாகக் குறையாது. ஆனால் விலையை ஏற்றும் ஆஸ்பத்திரி உங்களைக் குணமாக்கி அனுப்புகிறது, "முடியாது" என்று கடிதம் போடும் வேலை காப்பீட்டுக்காரனுடையது. அதனால் நாங்கள் கடவுள், அவன் எமன்.

அந்தெம் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் கதை ஞாபகம் இருக்கிறதா? மயக்க மருந்துக்கு இவ்வளவு நேரம்தான் பணம் தருவோம் என்று கனெக்டிகட், நியூயார்க், மிசௌரி மாநிலங்களுக்கு 2024 நவம்பரில் அறிவித்தார்கள். எங்கள் சங்கம் பாய்ந்தது. "அறுவை சிகிச்சை நடுவில் மயக்கத்தை நிறுத்துவார்களா" என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் நோயாளியை யாரும் நடுவில் எழுப்பப் போவதில்லை. எங்களில் சிலர் நிமிடக் கணக்கைத் தாராளமாக எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம், அதன் மேல்தான் கை வைத்தார்கள். தாம்சன் சுடப்பட்ட மறுநாள் அந்தெம் பின்வாங்கியது.

சிவப்புத்_துண்டு:

பார்த்தீர்களா! "மறுநாள்" என்று நீங்களே சொல்கிறீர்கள் டாக்டர். மனு கொடுத்தால் வராதது மறுநாளே வந்தது.

டாக்டர்_தென்றல்:

நவம்பர் நடுவிலிருந்தே எதிர்ப்பு நடந்தது. கனெக்டிகட் மாநில அதிகாரி அந்த மாநிலத்தில் நிறுத்திவிட்டதாகச் சொன்னார், நியூயார்க் ஆளுநர் ஹோக்குல் எதிர்த்தார். பின்வாங்கியதற்குத் தோட்டா காரணமா இவர்கள் காரணமா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. துப்பாக்கிக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் தேதி மட்டும் போதும்.

நைட்ஷிப்ட்_செல்வி:

எல்லோரும் அமெரிக்காவிலிருந்தே பேசுகிறீர்கள். நான் பெருங்குடியிலிருந்து பேசுகிறேன்.

நான் ஏ.ஆர். காலர். தெரியாதவர்களுக்கு: அமெரிக்க மருத்துவமனைகள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பும் கிளெய்ம் பணம் வராமல் தொங்கினால், ராத்திரி முழுக்க அந்த நிறுவனங்களுக்கு ஃபோன் போட்டு "ஏன் தரவில்லை" என்று கேட்பது எங்கள் வேலை. சென்னை, திருச்சி, கோவை என்று எங்களை மாதிரி ஏகப்பட்ட பேர். சாயங்காலம் கேப் ஏறினால் விடிந்துதான் வீடு.

எடிசன்வாசி அண்ணா, உங்களுக்கு வந்த கடிதம் எங்கள் திரையில் ஒரு எண். சிஓ 197 என்றால் முன் அனுமதி வாங்கவில்லை. சிஓ 50 என்றால் மருத்துவ ரீதியாகத் தேவையில்லை. சிஓ 29 என்றால் காலம் கடந்துவிட்டது. சிஓ 16 என்றால் ஏதோ விவரம் குறைகிறது, என்ன விவரம் என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு சிஓ 50ஐப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் வயிறு எரியும். மற்றவை எல்லாம் காகிதச் சண்டை. இது மட்டும்தான் நோயாளியைப் பார்த்த மருத்துவரிடம், பார்க்காத ஒருவர் "உனக்குத் தெரியாது" என்று சொல்வது.

ஒரு கிளெய்முக்கு ஃபோன் போட்டால் முதலில் ஐ.வி.ஆர். என்ற பதிவுக்குரல் இயந்திரம், அப்புறம் இசை, அப்புறம் ஒரு ரெப், அதாவது காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் பேசுபவர். அந்த ரெப் மணிலாவில் இருப்பார், இல்லை ஹைதராபாத்தில் இருப்பார். அமெரிக்காவில் ஒருவருக்குச் செய்த ஸ்கேனுக்கு, இந்தியாவிலிருந்து நான் கேட்கிறேன், ஃபிலிப்பைன்ஸிலிருந்து அவர் மறுக்கிறார். இரண்டு பேருக்கும் அந்த நோயாளி யார் என்று தெரியாது. இரண்டு பேர் சம்பளமும் அந்த நோயாளியின் பணம். டாக்டர் சொன்ன 4.9 டிரில்லியனில் என் கேப் வாடகையும் சேர்த்தி.

டிசம்பர் 4க்குப் பிறகு எங்கள் அலுவலகத்திலும் இதே பேச்சுதான். மீம் போட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒட்டவில்லை. அந்த வாரம் ஃப்ளோரிடாவில் ஒரு பெண், கிளெய்ம் நிராகரிக்கப்பட்ட ஆத்திரத்தில், தோட்டாவில் எழுதியிருந்த அதே வார்த்தைகளைச் சொல்லி "அடுத்தது நீங்கள்தான்" என்று ஃபோனில் கத்தினார். கைது, ஒரு லட்சம் டாலர் பிணை. அவர் கத்தியது தலைமை அதிகாரியிடம் இல்லை. என்னை மாதிரி ஹெட்செட் மாட்டிய ஒருத்தரிடம். கோபம் எப்போதும் எங்கள் காதோடு நின்றுவிடுகிறது, மேலே ஏறுவதே இல்லை. பெரிய ஆள்கள் என்ன செய்தார்கள்? இணையதளத்திலிருந்து தங்கள் படத்தை எடுத்துவிட்டார்கள், காவலைக் கூட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு யார் காவல் போட்டார்கள்?

எடிசன்வாசி:

செல்வி, உண்மையைச் சொன்னால் நானும் ஒரு ரெப்பிடம் கத்தியிருக்கிறேன்.

நைட்ஷிப்ட்_செல்வி:

எல்லோரும் கத்துவார்கள் அண்ணா. நாங்கள் மியூட்டில் போட்டு டீ குடிப்போம்.

டெக்சாஸ்_தங்கராசு:

ஒரு முக்கியமான கதவைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கே மக்கள் ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை? அமெரிக்கர்கள் காபி சூடாக இருந்தாலே வழக்குப் போடுபவர்கள் என்று நாம் கிண்டல் செய்வோமே.

காரணம் 1974ல் வந்த எரிசா சட்டம். தொழிலாளர்களின் ஓய்வூதியத்தைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம். ஆனால் வேலை வழியாக வரும் மருத்துவக் காப்பீடும் அதற்குள் வந்துவிட்டது. விளைவு: சிகிச்சையை அநியாயமாக மறுத்து, அதனால் உங்களுக்குக் கேடு வந்தாலும், நீங்கள் கேட்கக்கூடியது மறுக்கப்பட்ட அந்தச் சிகிச்சையின் செலவை மட்டும்தான். வலிக்கு இழப்பீடு இல்லை, தண்டனைத் தொகை இல்லை. டெக்சாஸ் மாநிலம் 1997ல் தனிச் சட்டம் போட்டு இதை உடைக்கப் பார்த்தது. 2004ல் ஏட்னா எதிர் டாவிலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வழியை அடைத்துவிட்டது. மறுப்பவனுக்கு அதிகபட்ச நஷ்டமே முதலில் கொடுத்திருக்க வேண்டிய தொகைதான் என்றால் அவன் ஏன் மறுக்க மாட்டான்?

இன்னொன்று நம் ஐ.டி. நண்பர்களுக்குக் கசக்கும். வேலை வழியாகக் காப்பீடு பெறுபவர்களில் 63 சதவீதம் பேரின் திட்டம் 2024 நிலவரப்படி சுயநிதித் திட்டம். அட்டையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும், பணம் போடுவது நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி. காப்பீட்டு நிறுவனம் வெறும் கணக்குப்பிள்ளை. உங்கள் மனைவியின் ஊசி மறுக்கப்பட்டால் மிச்சமாகும் பணம் பெரும்பாலும் உங்கள் கம்பெனியின் பெட்டிக்குத்தான் போகிறது. தீபாவளிக்கு உங்கள் ஹெச்.ஆர். லட்டு கொடுப்பாரே, அந்தப் பெட்டி. இப்போது யாரைச் சுடுவீர்கள்?

எடிசன்வாசி:

அண்ணே, இது எனக்குத் தெரியாது. காப்பீட்டுப் பலன் அறிக்கையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நெறியாளர்:

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். சில நிறுவன அதிகாரிகளின் பெயர்களையும் வீட்டு முகவரிகளையும் தொகுத்து "சும்மா தகவலுக்கு" என்று போட்டிருந்தார்கள். போட்டவர் தடை செய்யப்பட்டார். இதற்கு விவாதம் கிடையாது. மற்றபடி இழை திறந்திருக்கும்.

சிவப்புத்_துண்டு:

முகவரி போட்டது நான் இல்லை, அது அயோக்கியத்தனம்.

ஆனால் தங்கராசு சொன்னது என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. கோர்ட் கதவு அடைப்பு. இரண்டு கட்சிக்கும் நன்கொடை போகிறது. வேலையை விட்டால் காப்பீடு போச்சு. எல்லா வழியையும் அடைத்துவிட்டு ஒருவன் சுவரை உடைத்தால் அவனுக்கு மட்டும் உபதேசமா? செனட்டர் எலிசபெத் வாரன்கூட, வன்முறை தீர்வல்ல, ஆனால் மக்களை ஓரளவுக்குத்தான் நெருக்க முடியும் என்றார். பிறகு பயந்து விளக்கம் கொடுத்தார். கொல்லப்பட்டவரின் மேலதிகாரி ஆண்ட்ரூ விட்டியே நியூயார்க் டைம்ஸில், இப்போது இருக்கும் அமைப்பை யாரும் வேண்டுமென்று இப்படி வடிவமைத்திருக்க மாட்டார்கள் என்று எழுதினார். அதற்கு முன்னால் எந்த வருடம் இப்படி எழுதினார்?

பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 ஜூனில் பெரிய நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து முன் அனுமதியைக் குறைப்போம் என்று உறுதிமொழி கொடுத்தன. அதற்கு ஒரு மாதம் முன்பு யுனைட்டெட்ஹெல்த் பங்குதாரர்கள் போட்ட வழக்கைப் பாருங்கள். கொலைக்குப் பிறகு எழுந்த எதிர்ப்பால் நிறுவனம் முன்போல் கறாராக மறுக்க முடியவில்லை, லாபம் குறையும் என்பதை எங்களிடம் மறைத்துவிட்டது என்பதுதான் குற்றச்சாட்டு! மறுப்பு குறைந்ததற்காக நஷ்ட ஈடு கேட்கிறார்கள். இதைவிட அப்பட்டமாக யார் ஒத்துக்கொள்வார்கள்?

கறார்_வக்கீல்:

தோழர், பங்குதாரர் மனுவில் இருப்பது குற்றச்சாட்டு, தீர்ப்பல்ல. நிறுவனம் அதை மறுத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் ஒரே நாளில் பங்கு 22 சதவீதம் விழுந்தது. எதிர்பார்த்ததைவிட மருத்துவச் செலவு கூடிவிட்டது என்று லாபக் கணிப்பைக் குறைத்ததுதான் அன்றைய செய்தி. மே மாதம் விட்டி பதவி விலகினார். பழைய தலைவர் ஸ்டீபன் ஹெம்ஸ்லி திரும்பி வந்தார். தாம்சன் நாற்காலியில் 2025 ஜனவரியிலேயே டிம் நோயல் உட்கார்ந்துவிட்டார். அதே நிறுவனத்தில் வருடக்கணக்காக இருந்தவர்தான். நாற்காலி ஏழு வாரம்தான் காலி.

ஜூன் உறுதிமொழி தானாகக் கொடுத்த வாக்குறுதி. சட்டமில்லை. இதே மாதிரி வாக்கு 2018லும் கொடுத்தார்கள். மாறாக கலிபோர்னியாவைப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு மட்டும் வைத்துச் சிகிச்சையை மறுக்கக்கூடாது, மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஆளுநர் அதில் கையெழுத்துப் போட்டது 2024 செப்டம்பரில். யாரும் சுடப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு. அதைப் பற்றி யாராவது டீ சர்ட் போட்டார்களா?

பழைய_மாம்பலம்:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒரு சரித்திரத் துணுக்கு. 1892 ஜூலை, பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை. கார்னகியின் ஆலை, நடத்தியவர் ஹென்றி ஃப்ரிக். கூலியைக் குறைத்து, கதவடைத்து, பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் அடியாட்களை இறக்கினார். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. நாடே தொழிலாளர் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அலெக்ஸாண்டர் பெர்க்மன் என்ற இளைஞர், தொழிற்சங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர், பிட்ஸ்பர்க் அலுவலகத்துக்குள் புகுந்து ஃப்ரிக்கைச் சுட்டார், கத்தியாலும் குத்தினார். தொழிலாளர்கள் எழுந்து நிற்பார்கள் என்று நம்பினார். ஃப்ரிக் பிழைத்தார். அனுதாபம் அந்தப் பக்கம் போனது. நவம்பருக்குள் வேலைநிறுத்தம் முறிந்தது. எஃகுத் தொழிலில் சங்கம் மறுபடி தலையெடுக்கப் பல பத்தாண்டுகள் ஆனது. பெர்க்மன் 14 வருடம் சிறையில்.

சங்கம் தோற்றதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. ராணுவம் வந்துவிட்டது, கருங்காலிகள் வந்துவிட்டார்கள். ஆனால் யாருக்காகச் சுட்டாரோ அவர்களிடம் அவர் கேட்கவே இல்லை. மான்ஜியோனி மீதான குற்றச்சாட்டு உண்மை என்றால் அவரும் எந்த நோயாளியிடமும் கேட்கவில்லை.

சிவப்புத்_துண்டு:

இது நல்ல உதாரணம். யோசிக்கிறேன். ஆனால் 1892ல் அனுதாபம் முதலாளி பக்கம் போனது, 2024ல் போகவில்லையே? அதற்கு என்ன பதில்?

டாக்டர்_தென்றல்:

அனுதாபம் போகவில்லை, சரி. அதற்கு அடுத்த ஆள் என்ன செய்தான் பாருங்கள். 2025 ஜூலை 28, அதே மன்ஹாட்டன், பார்க் அவென்யூ 345. ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். தன் மூளைக் காயத்துக்கு அமெரிக்கக் கால்பந்து அமைப்புதான் காரணம் என்று அவனிடம் ஒரு கடிதம். தேடி வந்தது அவர்கள் அலுவலகத்தை. ஏறியது தவறான லிஃப்ட். அவன் கொன்றது நான்கு பேரை: வங்கதேசத்திலிருந்து குடியேறிய ஒரு போலீஸ்காரர், ஒரு காவலாளி, முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பெண், கட்டட நிர்வாகத்தில் ஒரு இளம் பெண். அந்த அமைப்பில் முடிவெடுக்கும் ஒருவர்கூட இல்லை.

முதல் சம்பவத்தைப் பார்த்துத்தான் இவன் கிளம்பினான் என்று நான் சொல்லவில்லை. தனி ஆள் நீதிபதியானால் லிஃப்ட் தவறினாலும் தீர்ப்பு நிறைவேறிவிடும். அதற்கு அப்பீல் இல்லை. எங்கள் நோயாளிகளுக்காவது அப்பீல் இருக்கிறது.

கும்பகோணம்_டிகிரி:

நம் ஊர்க் காப்பீடு மட்டும் என்ன வாழ்கிறது? 2023-24ல் இந்தியாவில் சுமார் 15,000 கோடி ரூபாய் அளவுக்குக் கோரிக்கைகளை ஏற்கவில்லை. என் அப்பாவுக்கு "சர்க்கரை நோயை மறைத்தீர்கள்" என்று...

நெறியாளர்:

இந்தியக் காப்பீட்டுக்குத் தனி இழை இருக்கிறது ஐயா, அங்கே போடுங்கள். காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாக மனு கொடுப்பது பற்றி அங்கே முழு விவரம் உண்டு, சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம்.

எடிசன்வாசி:

டாக்டர், "அப்பீல் இருக்கிறது" என்று சொன்னீர்கள். உண்மையில் யாராவது ஜெயிக்கிறார்களா? என் மனைவிக்கு இரண்டாவது மறுப்பும் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

நைட்ஷிப்ட்_செல்வி:

அண்ணா, இதற்கு நான் பதில் சொல்கிறேன், இதுதான் என் சோறு. அமெரிக்க அரசின் காப்பீட்டுச் சந்தையான ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் விற்கும் திட்டங்களில் 2023ல் நெட்வொர்க்குக்குள் (காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்கள், மருத்துவமனைகள்) வந்த கிளெய்ம்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று நிராகரிப்பு. அதில் அப்பீல் போட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. போட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கு மறுபடியும் "முடியாது". அப்படியானால் 44 சதவீதம் பேர் ஜெயித்திருக்கிறார்கள். உங்களுடையது கம்பெனித் திட்டம், கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் மற்ற 99 பேரும் கடிதத்தைப் பார்த்துவிட்டு மூலையில் வைத்துவிடுவார்கள் என்பதில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. துப்பாக்கி பற்றி இத்தனை பக்கம் எழுதினோம், இதைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

முதலில் மருத்துவர் அலுவலகத்தை "பியர் டு பியர்" கேட்கச் சொல்லுங்கள். அவரே காப்பீட்டு நிறுவனத்து மருத்துவரிடம் ஃபோனில் பேசுவார். பேசப்போகிறவர் மூட்டுநோய் மருத்துவரா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். பல நேரம் வேறு துறைக்காரராக இருப்பார். பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் அந்தப் பழைய மருந்துக்கான கிளெய்ம் வரலாற்றை வாங்குங்கள், ஈரல் பரிசோதனை முடிவையும் சேருங்கள். "ஏற்கெனவே முயன்று தோற்றது" என்பதற்கு அதுதான் சாட்சி.

உள் அப்பீலுக்கு மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து 180 நாள் அவகாசம். இரண்டாவது கடிதத்தில் "இறுதி" என்று போட்டிருந்தால் வெளி மதிப்பாய்வு கேளுங்கள், அதற்கு நான்கு மாதம். அதைப் பார்ப்பது காப்பீட்டு நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் மருத்துவர்கள். அவர்கள் சரி என்றால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும். சுயநிதித் திட்டத்துக்கும் இது உண்டு. வழக்கமாக 45 நாளுக்குள் முடிவு, அவசரம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் 72 மணி நேரம்.

ஒவ்வொரு ஃபோனுக்கும் கால் ரெஃபரன்ஸ் எண் வாங்குங்கள், ரெப்பின் பெயர், நேரம் எழுதி வையுங்கள். தங்கராசு அண்ணன் சொன்ன மாதிரி பணம் உங்கள் கம்பெனியுடையது என்றால் ஹெச்.ஆருக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். திட்டத்தின் சொந்தக்காரர் அவர்கள், விதிவிலக்குக் கொடுக்கச் சொல்லி அவர்கள் கேட்டால் இந்த நிறுவனங்கள் காது கொடுக்கும்.

இப்போது ஷிஃப்ட் ஆரம்பிக்கிறது. மறுப்புக் கடிதத்தில் உள்ள எண்ணை மட்டும் இங்கே போடுங்கள், பெயர், உறுப்பினர் எண் எதுவும் வேண்டாம். இடைவேளையில் பார்த்துச் சொல்கிறேன்.

எடிசன்வாசி:

சிஓ 50.

நைட்ஷிப்ட்_செல்வி:

நினைத்தேன். பியர் டு பியருக்குப் பல நிறுவனங்கள் சில நாள்தான் அவகாசம் கொடுக்கும், கடிதத்தில் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.